லண்டனில் ஃப்ரீஹோல்டரைக் காணோம் என்பதால் விலை குறைவாக வரும் ஃபிளாட்டை வாங்கலாமா?

ஊரிலிருந்து வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும், வாடகை கட்டிக் கட்டி அலுத்திருப்பீர்கள். நானும் அந்த அலுப்பில்தான் 2004-ல் ஈஸ்ட் ஹாமில் வாங்கினேன். விக்டோரியா காலத்து வீடு ஒன்றை மேல், கீழ் என்று பிரித்ததில் மேல் ஃபிளாட். அதற்கும் ஃப்ரீஹோல்டரை, அதாவது மண்ணுக்குச் சொந்தக்காரரை, காணோம்தான்.

சென்னையில் ஃபிளாட் வாங்கினால் யூடிஎஸ் என்று மண்ணிலும் ஒரு பங்கு நம் பேரில் வரும். இங்கே லீஸ்ஹோல்டில், அதாவது இத்தனை வருடத்துக்கு என்று குத்தகையாக வாங்குவதில், மண் ஃப்ரீஹோல்டருடையது, என் பத்திரப்படி கூரையும் அவர் பொறுப்பு. 1985-ல் போட்ட 99 வருட லீஸ், நான் வாங்கும்போது மிச்சம் 80. அதற்குக் கீழே இறங்கிய பிறகு நீட்டிக்கப் போனால் 'மேரேஜ் வேல்யூ' என்று ஒன்று சேரும். நீட்டிப்பதால் மதிப்பு கூடுகிறதே, அதில் பாதி ஃப்ரீஹோல்டருக்கு. அடுத்த வருடமே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டேன், தெரியாமலே.

"வக்கீலைக் கேட்காமலா வாங்கினாய்?" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: கேட்டேன். "இண்டெம்னிட்டி பாலிசி போட்டிருக்கிறோம், கவலை வேண்டாம்" என்றார், இப்படிப்பட்ட சிக்கலுக்கான இன்சூரன்ஸாம். 2013-ல் கூரை ஒழுகியபோதுதான் அந்த பாலிசியைப் படித்தேன். ரிப்பேர் அதில் கிடையாது. கீழ்வீட்டுக்காரர் வாடகைக்கு விட்டிருப்பவர். மழை அவர் தலையில் விழவில்லை, பாதிக் காசு தர மாட்டேன் என்றார். சாரம் கட்டியதோடு சேர்த்து 4,200 பவுண்டு, முழுக்க என் காசு.

(அந்த நேரம் என் மச்சான், ஹாரோவில் தனி வீடு வைத்திருப்பவர், "அப்பவே சொன்னேனே" என்றார். சொல்லவே இல்லை. என் ஏணியை வாங்கிப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை, அதைக் கேட்டால் மட்டும் மறந்துவிடும்.)

2021-ல் விற்கப் பார்த்தேன். மிச்சம் 63 வருடம் என்றதும் வாங்க வந்தவருக்கு பேங்க் கடன் தர மறுத்துவிட்டது. சரி, நீட்டிக்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் 3 பவுண்டு கட்டி எடுத்த பிரதியில் ஃப்ரீஹோல்டரின் முகவரி என்று இருந்தது என் வீட்டு முகவரியே. எனக்கு நானே கடிதம் போட வேண்டியதுதான். ஆள் தேடும் ஏஜென்ட், பேப்பரில் விளம்பரம், எல்லாம் செய்து பார்த்தேன். கவுன்டி கோர்ட்டுக்கு அந்த ஆதாரமெல்லாம் வேண்டும். தேடியது உண்மை என்று நம்பினால், காணாமல் போனவருக்குப் பதிலாகக் கோர்ட்டே நீட்டிப்புக்கு வழி செய்யும். விலையை டிரிப்யூனல் (சொத்து வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயம்) சொல்லும். எனக்குச் சொன்னது 29,000 பவுண்டு. வக்கீலும் சர்வேயரும் தனியாக 6,000.

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், அந்த 29,000 கோர்ட்டில் அவர் பேரில் கிடக்கிறது. ஒரு ஓடு மாற்றாதவருக்கு, உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாதவருக்கு, மேரேஜ் வேல்யூவும் சேர்த்துக் கட்டினேன். அதை ஒழிக்க 2024-ல் சட்டம் நிறைவேறியது. ஆனால் அந்தப் பகுதி இன்னும் அமலுக்கு வரவில்லை.

லீஸ்ஹோல்டே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஃப்ரீஹோல்டர் இருக்கிற இடத்தில் சர்வீஸ் சார்ஜ் என்று வேறு அழுகை உண்டு. நீங்கள் பார்க்கும் ஃபிளாட்டில் எத்தனை வருடம் மிச்சம் என்று முதலில் கேளுங்கள். கோர்ட் செலவு, நீட்டிப்புத் தொகை இரண்டையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். வாங்கியபின் லீஸை நீட்டிக்க இரண்டு வருடம் காத்திருக்கும் விதி 2025 ஜனவரியோடு போய்விட்டது, உடனே விண்ணப்பிக்கலாம். முடிந்தால் மற்ற ஃபிளாட்காரரோடு சேர்ந்து ஃப்ரீஹோல்டையே வாங்கிவிடுங்கள். என் கீழ்வீட்டுக்காரர் அதற்கும் வரவில்லை.

எனக்கு இப்போது கிட்டத்தட்ட 150 வருட லீஸ் இருக்கிறது, கூரைக்குப் பொறுப்பானவர் மட்டும் இன்னும் இல்லை. போன வாரக் காற்றில் மறுபடி இரண்டு ஓடு விழுந்திருக்கிறது. ஏறிப் பார்க்க ஏணி வேண்டும், மச்சானுக்கு போன் போட வேண்டும்.