கரி ஸ்மோக்கரில் வெப்பம் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: கரியில் எரியும் ஸ்மோக்கர் (இறைச்சியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் மூடியுள்ள அடுப்பு) ஒன்றைப் புதிதாக வாங்கி, இரண்டு முறை இறைச்சி வைத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் வெப்பம் 160 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. காற்றுத் துளைகளை மூடினால் சற்று நேரம் கழித்து 80-க்கு இறங்கியது. திறந்தால் மறுபடியும் ஏறியது. நாள் முழுவதும் அடுப்பருகிலேயே நிற்க வேண்டியதாயிற்று. 110 டிகிரியில் நிலையாக வைத்திருக்க வழி உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் சொல்லும் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அடுப்பின் குறையால் வருவதில்லை. துளையைத் திருப்பும் நேரத்துக்கும் அதன் பலன் வெப்பமானியில் தெரியும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கில் கொள்ளாததால் வருவது. கரி எவ்வளவு வேகமாக எரியும் என்பதை அதற்குக் கிடைக்கும் ஆக்சிஜனே முடிவு செய்கிறது. கீழ்த்துளையைத் திறந்தவுடன் காற்று உள்ளே வந்துவிடும். ஆனால் எரியும் கங்கிலிருந்து பக்கத்துக் கரிக்குத் தீ பரவ நேரம் பிடிக்கும். மூடும்போதோ, ஏற்கெனவே பற்றிக்கொண்ட கரி உடனே தணிவதில்லை; உலோகச் சுவர்களும் தாம் வாங்கிய சூட்டை மெதுவாகத்தான் விடுகின்றன. ஆகவே துளையைச் சிறிதளவே நகர்த்திவிட்டு, குறைந்தது 15 நிமிடம் கைவைக்காமல் காத்திருங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் மறுபடியும் திருப்பினால், முதல் மாற்றத்தின் விளைவும் இரண்டாவதன் விளைவும் ஒன்றாகச் சேர்ந்து, நீங்கள் எழுதியிருப்பதைப் போல 160-க்கும் 80-க்கும் இடையே அலைய வைக்கும்.

ஆனால் துளைகளைவிட முக்கியமானது, தொடக்கத்தில் எவ்வளவு கரியைப் பற்றவைக்கிறீர்கள் என்பதுதான். புதிதாகப் பழகுபவர்கள் கூடை நிறையக் கரியைக் கொட்டி, அது முழுவதும் கனன்ற பிறகு மூடியைப் போடுகிறார்கள். அவ்வளவு பெரிய தீயைப் பிறகு 110 டிகிரிக்குள் அடக்குவது அனுபவசாலிக்கும் கடினம். கூடையைப் பற்றவைக்காத கரியால் நிரப்பி, நடுவில் சிறு குழி செய்து, தனியே பற்றவைத்து மேலே நீறு பூத்த பத்துப் பன்னிரண்டு துண்டுகளை மட்டும் அந்தக் குழியில் வையுங்கள். தீ அங்கிருந்து பக்கவாட்டிலும் கீழேயும் மெல்லப் பரவி, ஒரு துண்டு சாம்பலாகும்போது அடுத்த துண்டு பற்றிக்கொள்ளும். அதனால் எந்த நேரத்திலும் எரியும் கரியின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். நிலையான வெப்பத்தின் அடிப்படை இதுதான். இதற்கு ஒரே அளவில் அச்சில் வார்த்த கரிக்கட்டிகள் ஏற்றவை. இயற்கைக் கரியின் துண்டுகள் பெரிதும் சிறிதுமாக இருப்பதால் தீ சீராகப் பரவுவதில்லை. கை பழகிய பிறகு அதற்கு மாறிக்கொள்ளலாம்.

மேல்துளையை முழுவதும் திறந்தே வைத்து, கீழ்த்துளைகளைக் கொண்டு மட்டும் வெப்பத்தைக் கட்டுப்படுத்துங்கள். மேல்துளையை மூடினால் புகை உள்ளேயே தேங்கி, இறைச்சியின் மீது கரிப்பிசின் படிந்து கசக்கும். வெப்பம் 90 டிகிரியைத் தாண்டும்போதே கீழ்த்துளைகளைக் குறைக்கத் தொடங்கிவிடுங்கள். 110-ஐத் தொட்ட பிறகு குறைத்தால் அது 130-ஐக் கடந்துதான் நிற்கும். ஏற்றுவது எளிது, இறக்குவது கடினம் என்பதால் எப்போதும் கீழிருந்தே இலக்கை நெருங்க வேண்டும். 105-க்கும் 120-க்கும் இடையே முள் அசைவதை ஏற்ற இறக்கமாக எண்ணித் திருத்த முனையாதீர்கள். பல மணி நேரம் வேகும் பெரிய இறைச்சித் துண்டுக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை.

மூடியைத் திறப்பதைக் கூடியமட்டும் குறையுங்கள். திறந்தவுடன் உள்ளிருக்கும் சூடான காற்று வெளியேறி முள் இறங்கும். அதே நேரத்தில் தீக்குக் காற்று தாராளமாகக் கிடைப்பதால், மூடிய சிறிது நேரத்தில் வெப்பம் முன்பிருந்ததையும் தாண்டி ஏறும். இறங்கிய முள்ளைக் கண்டு கீழ்த்துளையையும் திறந்துவிடுவது மிகவும் பரவலான தவறு. உங்கள் அடுப்பில் தண்ணீர்த் தட்டு இருந்தால் சுடுநீரால் நிரப்பி வையுங்கள். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாமல் ஆவியாகி மிகுதி வெப்பத்தை வாங்கிக்கொள்வதால், தீயின் சிறு தடுமாற்றங்கள் இறைச்சியை எட்டுவதில்லை.

மூடியில் பொருத்தப்பட்டு வரும் வெப்பமானியை மட்டும் நம்பாமல், கம்பித் தட்டின் மட்டத்தில், இறைச்சியிலிருந்து சில அங்குலம் தள்ளி, தனி வெப்பமானி ஒன்றை வைத்து அளந்து பாருங்கள். முதலில் இறைச்சியே இல்லாமல் ஒரு நாள் அடுப்பை மூட்டி, துளையை எவ்வளவு திறந்தால் எந்த வெப்பத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வது நல்லது. நானும் அப்படிக் குறித்து வைத்த பிறகுதான் அடுப்பை விட்டு நம்பிக்கையோடு நகர முடிந்தது.

கேள்வி: அடுப்பு 115 டிகிரியில் நிற்கிறது, ஆனால் இறைச்சியின் உள்வெப்பம் 68-க்கு வந்ததும் இரண்டு மணி நேரமாக நகரவே இல்லை. கரி சேர்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம்; உங்கள் தீ சரியாகவே இருக்கிறது. பெரிய துண்டுகளில் ஏறத்தாழ 65 முதல் 75 டிகிரிக்குள் இந்தத் தேக்கம் வருவது இயல்பு. வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்வதைப் போல, இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகி, அடுப்பு கொடுக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஈரம் குறைந்ததும் உள்வெப்பம் தானாகவே ஏறும். அவசரமானால் அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி வைக்கலாம். மேற்பரப்பின் மொறுமொறுப்பு சற்றுக் குறையும்.

கேள்வி: காற்று பலமாக வீசும் நாட்களில் ஸ்மோக்கரைக் கார் கொட்டகைக்குள் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒருபோதும் கூடாது. எரியும் கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொட்டகையின் கதவு திறந்திருந்தாலும் அது உயிரைப் பறிக்கும் அளவுக்குச் சேரக்கூடும். காற்று கீழ்த்துளைக்கு நேராக வீசாதபடி அடுப்பைத் திருப்பி வைத்து, சற்றுத் தள்ளி எரியாத பொருளாலான தடுப்பு ஒன்றை நிறுத்தினால் போதும். சமைத்து முடித்ததும் மேலும் கீழும் எல்லாத் துளைகளையும் மூடிவிட்டால் தீ தணிந்து, மீந்த கரி அடுத்த முறைக்கு உதவும். முற்றிலும் ஆறும் வரை அந்த வாயு கசியும் என்பதால், மறுநாள் காலை வரை அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும்.