ஐந்து நாள் தீவு விடுமுறை: கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

கேள்வி: இந்த ஒகஸ்டில் ஐந்து நாட்கள் இங்கிலாந்தின் தெற்கே உள்ள ஐல் ஒஃப் வைட் தீவுக்குப் போவதற்காக ஷாங்க்ளினில் ஒரு சிறிய வீடு எடுத்திருக்கிறேன். ஹட்டனில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என் அம்மாவும் எங்களோடு வருகிறார். அவருக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. மரக்கறிச் சாப்பாடுதான். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்குப் பதின்மூன்று. "இந்தக் காசுக்கு ஸ்பெயினுக்கே போயிருக்கலாம்" என்கிறார் கணவர். "அங்கே குளிரைத் தவிர என்ன இருக்கு?" என்கிறாள் மகள். கடற்கரையில் உட்கார்ந்திருப்பதைத் தவிர அந்தத் தீவில் எங்கள் எல்லோருக்கும் பிடித்த மாதிரி என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஹாரோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக, நீங்கள் போகிற ஐந்து நாட்களிலும் ஷாங்க்ளினுக்குப் பக்கத்திலுள்ள சான்டவுன் கடற்கரையில் கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறது என்று பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடல் ஒரு நாளில் ஏறத்தாழ இரண்டு தடவை வற்றும், ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் பிந்தும். முதல் நாள் காலை பத்து மணிக்கு வற்றினால் ஐந்தாம் நாள் பகல் ஒன்று இருபது ஆகிவிடும். இதைப் பார்க்காமல் போகிறவர்கள் நீர் ஏறி மணலே இல்லாத நேரத்தில் வாளியும் மண்வெட்டியுமாகப் போய் நிற்பார்கள். பிள்ளைகளுக்கு அந்தத் தீவில் கிடைக்கிற மிகச் சிறந்த விளையாட்டெல்லாம் கடல் வற்றியிருக்கும் அந்த மூன்று நான்கு மணி நேரத்துக்குள்தான் இருக்கிறது. அதை முதலில் குறித்துவிட்டு மற்றவற்றை அதற்கு முன்னும் பின்னும் வையுங்கள்.

போகிற வழியிலேயே மகளின் முகத்தைக் கொஞ்சம் மாற்றலாம். தீவுக்குப் பாலம் கிடையாது. போர்ட்ஸ்மவுத்திலிருந்து ஃபிஷ்போர்னுக்குக் கார் ஏற்றும் கப்பல் முக்கால் மணி நேரத்தில் போகிறது. அம்மாவின் முழங்காலுக்காகக் கார் கட்டாயம் வேண்டும், ஆகவே கணவரும் அம்மாவும் அதில் போகட்டும். நீங்கள் பிள்ளைகளோடு பக்கத்திலுள்ள சவுத்சீயில் இறங்கி ஹோவர்கிராஃப்டில் ஏறுங்கள். காற்று மெத்தையின் மேல் மிதந்து பத்தே நிமிடத்தில் நீரைக் கடந்து, தீவிலுள்ள ரைட் நகரத்துக் கடற்கரையின் தரையிலேயே ஏறி நிற்கும். பொதுமக்களுக்காக நேர அட்டவணைப்படி ஆண்டு முழுவதும் ஓடுகிற ஹோவர்கிராஃப்ட் உலகில் மிக அரிது. இறங்கிய இடத்திலிருந்து ஷாங்க்ளினுக்கு ரயில் இருக்கிறது. அந்த ரயில் பெட்டிகள் முன்பு லண்டன் நிலத்தடி ரயிலின் டிஸ்ட்ரிக்ட் பாதையில் ஓடியவை. புதுப்பித்து 2021இல் தீவில் ஓடவிட்டார்கள். நிலத்தடி ரயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதே பெட்டியிலிருந்து வயலும் கடலும் பார்ப்பது நிச்சயம் பிடிக்கும்.

இனி உங்கள் மகனின் விஷயத்துக்கு வருகிறேன். டைனோசர் எலும்புக்கு ஐரோப்பாவிலேயே மிகப் பெயர்போன இடங்களில் ஒன்று இந்தத் தீவு. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே, அலை அடிக்கும் கரையிலேயே அது கிடக்கிறது. தென்மேற்கில் கொம்ப்டன் விரிகுடா, அதன் ஒரு முனையில் ஹனோவர் பொயின்ட். கடல் வற்றும்போது அங்கே மூன்று விரல் கொண்ட பெரிய கற்கள் தெரியும். இக்வானோடன் என்ற டைனோசர் இனத்து விலங்குகள் சேற்றில் மிதித்த தடங்களில் மணல் நிறைந்து, இறுகிப் பாறையானவை அவை. வயது சுமார் 12½ கோடி ஆண்டுகள். மகன் தன் காலை அதன் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கட்டும். ஏன் இங்கே மட்டும் இவ்வளவு? தீவின் தென்மேற்குக் கரையில் அந்தக் காலத்து ஆற்றுச் சமவெளியின் களிமண் மேலே வந்து நிற்கிறது. அது மென்மையானது, ஒவ்வொரு மாரிப் புயலிலும் சரிகிறது, சரிகிறபோதெல்லாம் உள்ளிருந்தது கரைக்கு வருகிறது.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். 2019இல் நீங்கள் தங்கப்போகிற அதே ஷாங்க்ளின் கடற்கரையில், சில வாரங்களுக்குள் தனித்தனியாக வந்தவர்கள் சில எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். அவர்களில் பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பமும் உண்டு. எல்லோரும் சான்டவுனில் உள்ள டைனோசர் ஐல் நூதனசாலையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே விலங்கின் முதுகெலும்புகள் என்று தெரியவந்தது. சவுத்ஹம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் அதைப் புதிய இனம் என்று அறிவித்து வெக்டேரோவெனேட்டர் என்று பெயர் வைத்தார்கள். சுமார் நான்கு மீட்டர் நீளம், ஊனுண்ணி. கண்டெடுத்தவர்கள் அதைக் கொடுக்காமல் வீட்டு அலுமாரியில் வைத்திருந்தால் அந்த விலங்கு உலகத்துக்குத் தெரியாமலே போயிருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கும் ஏதாவது கிடைத்தால் அந்த நூதனசாலையில் காட்டுங்கள், என்னவென்று பார்த்துச் சொல்வார்கள்.

இரண்டு விதிகளைப் பிள்ளைகள் மட்டுமல்ல, கணவரும் மீறக்கூடாது. தரையில் தளர்ந்து கிடப்பதை மட்டும் தொடலாம். மலைச்சரிவைத் தோண்டுவதும் சுத்தியலால் அடிப்பதும் கூடாது, கால்தடக் கற்களை எடுக்கவும் கூடாது. இன்னொன்று, நிழல் என்று நினைத்துச் சரிவின் அடியில் பாய் விரிக்க வேண்டாம். அந்த மண் மழையில்லாத நாளிலும் விழும். கடல் வற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள், நீர் திரும்பத் தொடங்கியதும் ஏறிவிடுங்கள்.

கடல் குளிப்புக்குச் சான்டவுனும் ஷாங்க்ளினும் நல்லவை. நீண்ட மணல், மெல்ல ஆழமாகும் நீர். உயிர்காப்பாளர்கள் சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் நட்டிருந்தால் அந்த இரண்டு கொடிகளுக்கும் இடையில் மட்டும் இறங்குங்கள். மகள் குளிர் என்று சொல்வது பொய்யல்ல. ஒகஸ்டிலும் நீர் 17, 18 பாகையில்தான் இருக்கும். சூப்பர்மார்க்கட்டில் மலிவான வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சல் உடை) ஒன்று வாங்கிக்கொடுங்கள், பத்து நிமிடத்தில் ஓடிவருகிற பிள்ளை ஒரு மணி நேரம் அலையில் நிற்கும். ரைட்டின் மணல் கடல் வற்றும்போது மிகத் தூரம் விரியும், அழகாகவும் இருக்கும். ஆனால் சமதரை என்பதால் நீர் வேகமாகத் திரும்பி, பின்னாலும் சூழ்ந்துகொள்ளும். அங்கே பிள்ளைகளைத் தூரம் போகவிடாதீர்கள்.

மாலையில் யார்மவுத்தில் நண்டு பிடிக்கலாம். முள் இல்லாத நூல், வலைப்பையில் ஒரு இறைச்சித் துண்டு, கடல்நீர் நிரப்பிய வாளி, இவ்வளவுதான் வேண்டும். நண்டு தானே பற்றிக்கொண்டு மேலே வரும். வாளிக்குள் சிலவற்றுக்கு மேல் போடாமல், நீரை மாற்றி, சிறிது நேரத்தில் திருப்பி விட்டுவிட வேண்டும். இங்கிலாந்துப் பிள்ளைகளின் கோடையில் இதற்கு நிகரான மகிழ்ச்சி குறைவு. செலவும் இரண்டு மூன்று பவுண்டுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது அம்மாவைப் பற்றிய வரிதான். ஹட்டனில் படிப்பித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவரை ஃப்ரெஷ்வாட்டரில் உள்ள டிம்போலாவுக்கு அழைத்துப் போகாமல் வந்துவிடாதீர்கள். ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற புகைப்படக் கலைஞரின் வீடு அது, இன்று நூதனசாலை. 1815இல் கல்கத்தாவில் பிறந்த அவருக்கு, 48 வயதில் மகள் ஒரு கமரா பரிசளித்தார். கோழிக்கூட்டைக் கண்ணாடிக் கூடமாக்கி, நிலக்கரி அறையை இருட்டறையாக்கி, விஞ்ஞானி டார்வின், கவிஞர் டெனிசன் முதல் வீட்டுப் பணிப்பெண்கள் வரை எல்லோரையும் எடுத்தார். அந்த முகங்கள் இன்றும் உலகப் புகைப்படக் கலையின் முதல் வரிசையில் நிற்கின்றன. அவருடைய கணவருக்கு இலங்கை மலையகத்தில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. வீட்டின் பெயரே நம் திம்புள்ளையிலிருந்து வந்தது. 1875இல் இருவரும் தீவை விட்டு இலங்கைக்குப் போனார்கள். அங்கே அவர் தோட்டத் தொழிலாளர்களைப் படம் எடுத்தார். 1879இல் டிக்கோயாவில் இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில் ஒரு தேவாலயத்தில் இருக்கிறது. அம்மா அந்தத் தேவாலயத்தைத் தாண்டிப் பலமுறை பஸ்ஸில் போயிருக்கக்கூடும். அன்றைக்கு அந்த வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு வழிகாட்டி அவராகட்டும். மலையகம் எப்படி இருக்கும், தோட்டத்து லயன் அறைகள் எப்படி இருக்கும் என்று அவர் சொல்ல, பிள்ளைகள் கேட்கட்டும். திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிம்போலாவும் கொம்ப்டனும் பக்கம் பக்கமாக இருப்பதால் ஒரே நாளில் முடியும். கணவர் பிள்ளைகளோடு கரையில் இறங்கட்டும், அங்கே இறங்கும் வழி அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. நீங்கள் இருவரும் டிம்போலாவில் இருங்கள். பின்னர் எல்லோரும் சேர்ந்து கூரையில்லாத நீடில்ஸ் பஸ்ஸில் ஏறுங்கள். மலைமுகட்டின் ஓரமாகப் பழைய பீரங்கிக் கோட்டை வரை போகிற அந்தப் பாதையில் சாதாரணமாகத் தனியார் கார்களை விடுவதில்லை. அம்மா இருந்த இடத்திலிருந்தே எல்லாம் பார்க்கலாம். கீழே மூன்று வெண்சுண்ணாம்புப் பாறைகள் கடலில் வரிசையாக நிற்கும். நீடில்ஸ், அதாவது ஊசிகள், என்ற பெயருக்குக் காரணமான மெல்லிய நான்காவது பாறை 1764இல் புயலில் விழுந்துவிட்டது. கோட்டைக்கு மேலே, 1950களிலிருந்து 1971 வரை பிரித்தானியாவின் ரொக்கட் எஞ்சின்களைச் சோதித்த மேடைகள் இருக்கின்றன. அங்கே சோதித்த பிளாக் அரோ ரொக்கட்தான் 1971 ஒக்டோபரில் அவுஸ்திரேலியாவிலிருந்து ப்ரொஸ்பெரோ செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதைக்கு ஏற்றியது. மகளுக்கு விஞ்ஞானத்தில் விருப்பம் இருந்தால் அவளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். கீழே அலம் விரிகுடாவில் பல நிற மணற்குன்று, இறங்குவதற்குத் தொங்கு நாற்காலி. நாற்காலி ஓடிக்கொண்டிருக்கும்போதே உட்கார வேண்டும் என்பதால் அம்மாவுக்கு அது வேண்டாம்.

ஒரு நாளாவது மழை பெய்யும். அன்றைக்கு ஒஸ்போர்ன் மாளிகையை வைத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா மகாராணி தன் குடும்பத்துக்கென்று கட்டிய விடுமுறை வீடு அது, 1901இல் அவர் இறந்ததும் அங்கேதான். உள்ளே தர்பார் அறை என்ற விருந்து மண்டபம். லாகூரிலிருந்து வந்த பாய் ராம் சிங் என்ற கைவினைஞர் வடிவமைத்தது. சுவரும் கூரையும் வெண்ணிறச் சிற்ப வேலை, பக்கத்து நடைபாதையில் இந்தியர்களின் ஓவியங்கள். நெசவாளர், குயவர் போன்ற சாதாரண மனிதர்களின் முகங்களும் அவற்றில் உண்டு. அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் நின்று பிள்ளைகளோடு பேசலாம், பேசவும் வேண்டும். மழை விட்டால் தோட்டத்துச் சுவிஸ் குடிலுக்குப் போங்கள். அரச பிள்ளைகளுக்குச் சொந்தப் பாத்தியும் சின்னத் தோட்டக் கருவிகளும் கொடுத்து மரக்கறி பயிரிட வைத்திருக்கிறார்கள். விளைந்ததைத் தந்தை அல்பர்ட் சந்தை விலை கொடுத்து வாங்குவாராம். வளவு பெரியது. அம்மாவுக்குச் சக்கர நாற்காலியோ வாகனமோ கிடைக்குமா என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

நேரம் மிஞ்சினால், ஹேவன்ஸ்ட்ரீட்டில் நீராவி ரயில், கரிஸ்ப்ரூக் கோட்டையில் சக்கரத்தைச் சுழற்றிக் கிணற்று நீர் இறைக்கும் கழுதைகள். பிளாக்கேங் சைன் என்ற கேளிக்கைப் பூங்கா 1843இலிருந்து இருக்கிறது. மகனுக்குப் பிடிக்கும், மகள் சலித்துக்கொள்ளலாம், அதற்காக ஒரு முழு நாளைக் கொடுக்க மாட்டேன். காலையில் சீக்கிரம் விழித்தால் போர்த்வுட் காட்டில் செந்நிற அணிலைத் தேடலாம். இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களில் சாம்பல் அணில் அதை இல்லாமலாக்கிவிட்டது. நடுவில் கடல் இருப்பதால் இந்தத் தீவில் பிழைத்திருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி. சில கடைகளில் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள், அம்மாவுக்கு வாங்கும் முன் கேளுங்கள். வீட்டில் அடுப்பு இருப்பதால் பிரஷர் குக்கரும் மிளகாய்த்தூளும் காரில் போகட்டும், காலையில் கட்டிய புளிச்சாதம் கடற்கரையில் எல்லோருக்கும் போதும். கடற்காகங்கள் கையிலிருப்பதைப் பறிக்கும் என்பதால் மூடி வைத்துச் சாப்பிடுங்கள். ஷாங்க்ளினில் மேட்டுத் தெருவிலிருந்து கடற்கரைக்கு ஒரு லிஃப்ட் உண்டு. அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால் அம்மா படியிறங்காமலே அலைக்குப் பக்கத்தில் வந்து உட்காரலாம்.

ஸ்பெயின் கணக்கில் உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இந்தப் பயணத்தில் காசைத் தின்பது கார் கப்பல்தான், ஒகஸ்ட் சனிக்கிழமைப் பகலில் அதன் கட்டணம் உச்சத்துக்குப் போகும். வீட்டுக்காரரிடம் பேசித் திங்கள் முதல் வெள்ளி என்று மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் அதிகாலை அல்லது இரவுக் கப்பலைப் பாருங்கள். எதுவானாலும் இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.