கோழிக்கால் முத்திரை போட்ட பொக்கற் மணிக்கூடு

கேள்வி: பழைய பொக்கற் மணிக்கூடு ஒன்றுக்கு ஒருவர் 85,000 ரூபாய் கேட்கிறார். 1942இல் மட்டக்களப்புக் கடலில் தாழ்ந்த பிரித்தானியக் கடற்படைக் கப்பல் ஹெர்மிஸில் எடுத்ததாம். பின்மூடியில் கோழிக்கால் போல ஓர் அம்புக்குறி, ஜீ.எஸ்.ரி.பி. என்ற எழுத்து, கீழே ஒரு இலக்கம். முகப்பில் வோல்தம் என்றிருக்கிறது. இப்போதும் ஓடுகிறது. வாங்கலாமா? (கல்முனை)

பதில்: ஹெர்மிஸ் கதைக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள். அந்தக் கப்பல் கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. உப்புத் தண்ணீர் புகுந்த மணிக்கூட்டில் உருக்கு அச்சுகளும், சாவி கொடுக்கும்போது சுருளும் மெயின் ஸ்பிரிங்கும் சில வாரங்களிலேயே கறள் பிடித்து இறுகிவிடும். 80 வருடம் கடலில் கிடந்தது ஓடவே ஓடாது. முத்திரையும் பொருந்தவில்லை. அம்புக்குறி, பிரித்தானிய அரசின் சொத்து என்பதன் அடையாளம். ஜீ.எஸ்.ரி.பி. என்ற எழுத்து உள்ளவை இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியத் தரைப்படைக்குக் கொடுத்தவை. கடற்படையின் கப்பல் மணிக்கூடுகளில் பொதுவாக எச்.எஸ். என்ற எழுத்து இருக்கும்.

கதையை விட்டுவிட்டுப் பார்த்தால், அது நல்ல மணிக்கூடாக இருக்கலாம். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திருகுமூடி என்றால், மெத்தென்ற ரப்பர் பந்தை அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் கழரும். குறடு போட விடாதீர்கள். உள்ளே உள்ள இயந்திரத்திலும் வோல்தம் என்ற அமெரிக்கக் கொம்பனியின் பெயர் இருக்கவேண்டும். வேறு பெயர் இருந்தால் இரண்டு மணிக்கூட்டை ஒன்றாக்கியிருக்கிறார்கள், பாதி விலைக்கும் வேண்டாம். இயந்திரத்தில் உள்ள இலக்கமும் மூடியில் உள்ள இலக்கமும் ஒன்றாக இராது. அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். மூடியில் உள்ளது படையின் இலக்கம், உள்ளே உள்ளது கொம்பனியின் இலக்கம். உள்ளே உள்ளதை இணையத்தில் உள்ள வோல்தம் இலக்க அட்டவணையில் தேடினால் செய்த வருடம் தெரியும். அது போருக்குப் பொருந்தாத காலமாக இருந்தால் மூடி மாறியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு அம்புக்குறியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். சுற்றியுள்ள உலோகம் தேய்ந்து மழுங்கியிருக்க, எழுத்தின் விளிம்பு மட்டும் நகத்தில் கீறுமளவு கூராக இருந்தால் அது அண்மையில் வெட்டியது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நட்சத்திரம் போல இருந்தால் அது குறையல்ல, படை கழித்து விற்றதன் அடையாளம்.

ஓடுகிறது என்ற சொல்லை மட்டும் நம்பவேண்டாம். முழுச் சாவி கொடுத்து, கைபேசி நேரத்துக்கு வைத்து, ஒரு நாள் மல்லாக்கப் போடுங்கள். மறுநாள் மறுபடி சாவி கொடுத்து நிமிர்த்தித் தொங்கவிடுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று நிமிடம் பிந்துவது பரவாயில்லை. ஒரு நிலையில் ஓடி மற்றதில் நின்றால், இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பாலன்ஸ் சில்லின் அச்சு தேய்ந்திருக்கலாம், வளைந்திருக்கலாம். இந்த வகையில் பெரும்பாலும் அதிர்வுதாங்கி கிடையாது, ஒருமுறை விழுந்தாலே போதும்.

விலைக்கு, ஈபேயில் விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காமல் "விற்றுமுடிந்தவை" என்ற பட்டியலைப் பாருங்கள். அச்சுகளைத் தாங்க ஒன்பது கல் வைத்த வோல்தமை ஒன்பது கல் வோல்தமோடே ஒப்பிடவேண்டும். இதே முத்திரையோடு வரும் இன்னொரு கொம்பனியான ஜெகர் லெகுல்ற்றருக்குப் பொதுவாக விலை கூட. திருத்தக் கூலியைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள இதே வகைப் படை மணிக்கூட்டில் இலக்கங்கள் மண்ணிறமாகிவிட்டன, இருட்டில் ஒளிரவில்லை. புதிதாகப் பூசித் தருவதாக ஒருவர் சொல்கிறார். (வாழைச்சேனை)

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது கதிர்வீசும் ரேடியம் கலந்த பூச்சு. ஒளிர்வது அதோடு கலந்த துத்தநாக சல்பைட். அது எரிந்து தீர்ந்துவிட்டது. ரேடியமோ பாதியாகக் குறையவே 1600 வருடம் எடுக்கும். சுரண்டும்போது பறக்கும் தூள் மூச்சில் போனால் உடம்பை விட்டுப் போகாது, திருத்துகிறவருக்கும் கேடு. மண்ணிறமான பழைய முகப்பையே சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள், புதிதாக எழுதிய முகப்பை ஒதுக்குகிறார்கள். கண்ணாடியை வீட்டில் கழற்றவேண்டாம், படுக்கையறையில் வைக்கவேண்டாம்.

நம் பக்கத்து உப்புக்காற்றுக்கு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. ஆனால் ரேடியத்திலிருந்து வரும் ராடன் வாயு அதற்குள் தேங்கும். டப்பாவை எப்போதும் முற்றத்தில் வைத்தே திறவுங்கள்.

கேள்வி: "சாவி கூடிப்போச்சு, அதுதான் நிற்குது" என்கிறார் விற்பவர். (அக்கரைப்பற்று)

பதில்: சாவி கூடியதால் மணிக்கூடு நிற்காது. சாவி முழுதாக ஏறியும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், அல்லது பாலன்ஸ் அச்சு முறிந்திருக்கும். முதலாவதைக் கழுவி எண்ணெய் போட்டுச் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு அதே வகையில் இன்னொரு பழைய மணிக்கூடு வாங்கி உதிரி எடுக்கவேண்டி வரலாம். அந்தச் செலவை வைத்தே விலை சொல்லுங்கள்.