உங்கள் மகள் கைடு ஆகட்டும்; வீட்டை மட்டும் அடகு வைக்காதீர்கள்

ஜோஹன்னஸ்பர்க்கில் பல ஆண்டுகளாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பா ஐடி துறையில், அம்மா பள்ளி ஆசிரியை. எல்லோருக்கும் நிரந்தர வசிப்புரிமை வந்துவிட்டது. மகள் இந்த ஆண்டு மேட்ரிக் (இங்கே அது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு) எழுதுகிறாள். "நான் ஃபீல்டு கைடு ஆகப் போறேன், க்ரூகர் பக்கம் ஏதாவது லாட்ஜ்ல வேலை பார்ப்பேன்" என்று அவள் சொன்ன நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய காடுகளில் விலங்கு பார்க்க வரும் விருந்தினருக்கு வழிகாட்டும் வேலை அது. மதுரையிலிருந்து பெரியப்பா தினமும் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, ஜார்ஜியாவில் எம்பிபிஎஸ் சீட்டுக்குப் பேசி வைத்திருப்பதாகச் சொல்கிறாராம். அம்மா எனக்கு எழுதிய கடிதம் இப்படி முடிகிறது: "சிங்கம் பார்க்க வர்றவங்களுக்கு வண்டி ஓட்டுறது ஒரு படிப்பா சார்? வீட்டை வச்சாவது டாக்டருக்கு அனுப்பிடலாமான்னு இருக்கு."

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கடைசி வரிக்கு ஆறுதல் சொல்ல முடியாது. வீட்டை வைக்காதீர்கள்.

வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்து இங்கே திரும்பினால், எச்பிசிஎஸ்ஏ என்ற மருத்துவக் கவுன்சிலின் தேர்வை எழுதித் தேற வேண்டும். அப்புறம் இரண்டு வருடம் பயிற்சி மருத்துவர், ஒரு வருடம் சமூக சேவை. எல்லாம் சேர்த்தால் உங்கள் மகளுக்கு இருபத்தெட்டு வயது ஆகிவிடும், அடகு அப்படியே நிற்கும். உள்நாட்டிலேயே படித்து எல்லாக் கட்டத்தையும் தாண்டிய மருத்துவர்கள் அரசுப் பணியிடம் கேட்டு வீதிக்கு வந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். இவ்வளவுக்கும் பிறகும், அந்தப் படிப்பை உயிராக விரும்பும் பிள்ளையாக இருந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். உங்கள் மகளோ ஒன்பதாம் வகுப்பிலிருந்தே டாக்டர் வேண்டாம் என்கிறாள். எழுதியது நீங்கள்தான். பெரியப்பா சீட்டுக்குப் பேசலாம், ஆறு வருடம் உட்கார்ந்து படிக்கப் போவது அவர் இல்லை.

சி.ஏ., ஆக்சுவரி, பொறியியல் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதை விளக்க உங்கள் உறவிலேயே ஆள் நிறைய. யாரும் விளக்காததை மட்டும் சொல்கிறேன்.

"வண்டி ஓட்டுறது" என்று எழுதினீர்கள். ஓட்டுவது அந்த வேலையில் ஆகச் சுலபமான பகுதி. கைடாகும் உங்கள் மகள் விடியுமுன் எழுந்து விருந்தினர்களை எழுப்பி, காபி கொடுத்து, கூரையில்லாத லேண்ட் க்ரூசரில் ஏற்றுகிறாள். வண்டியின் முன்மூக்கில் தனி இருக்கையில், தடம் பார்த்து விலங்கைத் தேடும் டிராக்கர் உட்கார்ந்திருப்பார். க்ரூகரை ஒட்டிய சாபி சாண்ட் போன்ற தனியார் காடுகளில் அவர் பெரும்பாலும் ஷாங்கான் இனத்தவர். மணலில் ஒரு தடம் தெரிகிறது. நகக்குறி இல்லை, உள்ளங்காலின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு: பூனை இனம். கழுதைப்புலியாக இருந்தால் நகம் பதிந்திருக்கும். தடத்தின் மேல் பனி விழுந்திருக்கிறதா, வண்டு ஏறிப் போயிருக்கிறதா என்று பார்த்து, ராத்திரி போனதா இப்போது போனதா என்று இருவரும் முடிவு செய்ய வேண்டும். தூரத்தில் இம்பாலா மான் சீறுகிறது, அணில் விடாமல் கத்துகிறது. அந்தத் திசையில் சிறுத்தை இருக்கலாம். ரேடியோவில் மற்ற வண்டிகளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு விலங்கின் பக்கத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது பல தனியார் காடுகளின் விதி, ஆகவே வரிசையும் பிடிக்க வேண்டும். நடுவில் பின்சீட்டில் ஒருவர் படம் எடுக்க எழுந்து நிற்கிறார். உட்கார்ந்திருக்கும்வரை வண்டியும் மனிதர்களும் சிங்கத்துக்கு ஒரே உருவம், எழுந்தால் அந்த உருவம் உடைந்துவிடும். அவர் முகம் சுளிக்காதபடி, ஆனால் உடனே, அவரை உட்கார வைக்க வேண்டும்.

சிங்கமே வராத காலையும் உண்டு. கைடு யார் என்று தெரிவது அன்றைக்குத்தான். மூன்று மணி நேரத்தைக் கறையான் புற்று, மாருலா மரம், சாணி வண்டு, தேன்கூட்டுக்கு மனிதனை அழைத்துப் போகும் ஹனிகைடு பறவை ஆகியவற்றை வைத்தே நகர்த்த வேண்டும். டம்போட்டி மரத்தின் விறகை ஏன் அடுப்பில் வைக்கக் கூடாது (புகையே நஞ்சு) என்று சொல்லத் தெரிய வேண்டும். மாலை மறுபடி நாலு மணிக்குக் கிளம்பி, சூரியன் விழும் நேரத்தில் நிறுத்திப் பானம் பரிமாறி, இருட்டியதும் தென்சிலுவை விண்மீன்களைக் காட்டித் தெற்கு எது என்று கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்து, லாட்ஜுக்குத் திரும்பி, பல இடங்களில் விருந்தினரோடு அமர்ந்து இரவு உணவும் சாப்பிட வேண்டும். படுக்கப் பத்து மணி தாண்டிவிடும். இதற்கிடையில் டயர் மாற்றுவது, சேற்றில் சிக்கிய வண்டியை இழுப்பது, முதலுதவி எல்லாம் அவள் வேலைதான்.

இதற்குப் படிப்பு இருக்கிறது, தேர்வும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலான லாட்ஜ்கள் கேட்பது ஃபகாசா சான்றிதழ். 1990இல் தொடங்கிய, ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளுக்கான ஃபீல்டு கைடுகள் சங்கம் அது. முதல் படியான அப்ரெண்டிஸ் ஃபீல்டு கைடு பாடத்தில் நிலவியல், தட்பவெப்பம், புல், மரம், பூச்சி, ஊர்வன, பறவை, பாலூட்டி, விலங்கு நடத்தை, வானியல், விருந்தினரைக் கையாளுதல் எல்லாம் வரும். எழுத்துத் தேர்வில் தேற நூற்றுக்கு 75 வேண்டும். அதன் பிறகு மதிப்பீட்டாளர் விருந்தினர்போல வண்டியில் ஏறி உட்காருவார். அவரை வைத்து ஒரு முழு டிரைவ் நடத்திக் காட்ட வேண்டும். விருந்தினரைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப் போவது வேறு தகுதி. அதற்குத் துப்பாக்கிப் பயிற்சி, காட்டில் நடந்த மணிக்கணக்கு, ஆபத்தான விலங்குகளை எதிர்கொண்ட பதிவேடு எல்லாம் தனியாக உண்டு. துப்பாக்கித் தகுதிச் சான்றிதழுக்குப் பொதுவாக 21 வயது ஆக வேண்டும் என்பதால் அந்தப் பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம். இவை எல்லாம் கையில் இருந்தாலும், 2014ஆம் ஆண்டு சுற்றுலாச் சட்டப்படி மாகாணப் பதிவாளரிடம் கைடாகப் பதிவு செய்து அடையாள அட்டை வாங்காமல் கட்டணத்துக்கு வழிகாட்டுவது குற்றம்.

இனி பணம். இதில் உங்கள் மகளோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. அவள் கேட்பது ஒரு வருடத் தங்கும் பயிற்சி. பெரிய பயிற்சி நிறுவனங்களில் அதற்கு ஒரு லட்சம் ராண்டைத் தாராளமாகத் தாண்டும். ஐரோப்பாவிலிருந்து ஒரு வருடம் ஓய்வெடுத்து வரும் பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்ட விலை அது. நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. முதல் செலவாக அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபகாசாவில் உறுப்பினராகச் சேர்ந்து, பாடப் புத்தகத்தை வீட்டிலிருந்தே படித்து எழுத்துத் தேர்வை எழுதலாம். உங்களைப்போல மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இதுதான் வாசல். மேட்ரிக் தேர்வு முடிந்ததும் டிசம்பரில் ஓரிரு வாரக் குறுகிய பயிற்சி ஒன்றுக்கு அனுப்புங்கள். கூடாரத்தில் தூங்கி, நாலரைக்கு எழுந்து, நாற்பது டிகிரி வெயிலில் மரத்தின் பெயர் எழுதிவிட்டு வரட்டும். வந்த பிறகும் புத்தகத்தைத் திறந்தால் அடுத்த செலவைப் பற்றிப் பேசலாம். திறக்காவிட்டால் சில ஆயிரம் ராண்டோடு போயிற்று.

அடுத்த செலவு எது என்றால், கூடவே ஒரு டிப்ளமோ. யுனிசா என்ற தொலைவழிப் பல்கலைக்கழகத்தில் இயற்கைப் பாதுகாப்பு டிப்ளமோ இருக்கிறது. ட்ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகவும் படிக்கலாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 2020. அந்த மார்ச்சில் எல்லை மூடியதும் லாட்ஜ்கள் மூடின, டிப்ஸை நம்பி இருந்த கைடுகள் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். இந்தத் தொழில் விமானத்தில் வந்து இறங்கும் விருந்தினரை நம்பியது. டிப்ளமோ இருந்தால் பூங்கா நிர்வாகம், ஆய்வு, சுற்றுச்சூழல் கல்வி என்று பக்கவழி இருக்கும்.

சம்பளத்தைப் பூசி மெழுக மாட்டேன். தொடக்கத்தில் அடிப்படைச் சம்பளம் குறைவு. ஜோஹன்னஸ்பர்க்கின் வணிகப் பகுதியான சான்ட்டனில் ஓர் அலுவலகத்தில் அவளோடு படித்தவர்கள் வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கும். தங்குமிடமும் சாப்பாடும் பெரும்பாலும் லாட்ஜ் கணக்கு, காட்டுக்குள் செலவு செய்யக் கடையும் கிடையாது. டிப்ஸ் மேல்கணக்கு, ஆனால் அதை நம்பித் தவணை கட்டத் திட்டம் போடக் கூடாது. ஜெர்மனோ பிரெஞ்சோ பேசத் தெரிந்த கைடுக்குத் தனி மதிப்பு உண்டு. பள்ளியில் அவள் பிரெஞ்சு எடுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதை விடச் சொல்லாதீர்கள். டிராக்கரோடு பேச, ஷாங்கான் மக்களின் ட்சோங்கா மொழியைக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. காட்டை அவளுக்கு உண்மையில் கற்றுத் தரப் போவது அவர்தான். ஐந்தாறு வருடத்தில் தலைமைக் கைடு, பயிற்றுநர், லாட்ஜ் மேலாளர், புகைப்படப் பயணக் கைடு என்று கிளைகள் பிரியும்.

ஆறு வாரம் வேலை, இரண்டு வாரம் விடுப்பு என்பது பல லாட்ஜ்களின் முறை. டிசம்பர் கூட்ட நேரம், ஆகவே குடும்பமாக மதுரைக்குப் போகும்போது அவள் வர மாட்டாள். தீபாவளி, பொங்கல் எந்த வாரத்தில் விழுகிறதோ அதைப் பொறுத்தது. பணியாளர் சாப்பாட்டில் பாப் இருக்கும், மக்காச்சோள மாவில் கிண்டுவது. நம்ம ஊர்க் களியை நினைத்துக்கொண்டால் இறங்கிவிடும். க்ரூகர் இருக்கும் லோவெல்டு தாழ்நிலம் மலேரியா பகுதி, தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அது பயமென்றால் மடிக்வே, பிலானஸ்பர்க், கிழக்கு கேப் போன்ற மலேரியா இல்லாத இடங்களில் தொடங்கலாம்.

"பொண்ணு, காட்டுல தனியா" என்று உங்கள் மாமியார் கேட்டதற்கு: தனியாக இல்லை. போட்ஸ்வானாவில் சோபே கேம் லாட்ஜின் கைடு அணி முழுக்கப் பெண்கள். க்ரூகரை ஒட்டிய பலூலே காட்டில் வேட்டைக்காரர்களுக்கு எதிராக ரோந்து போகும் பிளாக் மாம்பா அணி 2013இலிருந்து பெரும்பாலும் பெண்களைக் கொண்டே இயங்குகிறது. யானையையும் எருமையையும் பற்றிப் பயப்படுவதைவிட, பணியாளர் குடியிருப்பைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். பெண்களுக்குத் தனி அறை உண்டா, பூட்டு உண்டா, புகார் வந்தால் யாரிடம் போகும், வேறு பெண் கைடுகள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை காலமாக இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்த லாட்ஜ் வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அவளுக்கு விலங்கு பிடிக்கும் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மனிதர்களைப் பிடிக்குமா? ஒரே கேள்வியை நூறாவது முறை கேட்கும் விருந்தினரிடம் முதல் முறைபோலப் பதில் சொல்வாளா? தங்கையின் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வால்டர் சிசுலு தாவரவியல் பூங்காவில் பறவை காட்டினாள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என்னை நம்ப வைத்தது அந்த வரி. மனிதர்கள் வேண்டாம், விலங்கு மட்டும் போதும் என்றால் ஆய்வுப் பக்கம் போகட்டும். கைடு வேலை விருந்தோம்பல் தொழில், அதில் அவள் நொந்துபோவாள்.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இடையில் ஒரு வார்த்தை. அங்கிருந்து வந்து பயிற்சி எடுக்கலாம், சான்றிதழும் கிடைக்கும். வேலை செய்யும் விசா இல்லாமல் கைடாகப் பதிவு செய்ய முடியாது, உள்ளூர் இளைஞர்கள் காத்திருக்கும் வேலைக்கு அந்த விசா கிடைப்பது மிகக் கடினம். "பயிற்சி முடிஞ்சதும் ஆப்பிரிக்காவுல வேலை" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அம்மா, மறுபடி உங்களுக்கு. மகளின் பயிற்சி நிறுவனத்திடம் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்க வேண்டியது: ஃபகாசா அங்கீகாரம் உண்டா, தேர்வுக் கட்டணமும் மதிப்பீட்டுக் கட்டணமும் முதலுதவிச் சான்றிதழும் உள்ளடக்கமா, "ஆறு மாத லாட்ஜ் பணி" என்று விளம்பரத்தில் போடுவதற்குச் சம்பளம் உண்டா, அல்லது அதற்கும் அவள்தான் பணம் தர வேண்டுமா?

பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழில்முறை ஓட்டுநர் அனுமதிக்கு 21 வயது வேண்டும், பல லாட்ஜ்கள் அதைக் கேட்கின்றன. அதுவரை கிடைக்கும் காலம் படிப்புக்கும் டிப்ளமோவுக்கும் சரியாக இருக்கும். சாதாரண உரிமம் 18இல் எடுக்கலாம். இந்த விடுமுறையிலேயே கற்றுநர் உரிமத்துக்குப் பதிவு செய்துவிடுங்கள். உங்கள் வீட்டு வண்டி ஆட்டோமேட்டிக் என்பதால் அதிலேயே தேர்வு கொடுக்க ஆசை வரும். கொடுத்தால் உரிமத்தில் ஆட்டோமேட்டிக் மட்டும் என்று எழுதிவிடுவார்கள். லாட்ஜ் வண்டிகளில் பெரும்பாலானவை கியர் வண்டி. கியர் வண்டி வைத்திருக்கும் பயிற்சிப் பள்ளியாகப் பார்த்துச் சேருங்கள்.