ஸ்னோபோர்டில் ஆழமாகக் கார்விங் செய்ய உடலை எப்படி வைத்துக்கொள்வது?

கார்விங்கில், அதாவது பலகையின் விளிம்பால் பனியை வெட்டி வழுக்காமல் திரும்புவதில், கால்விரல் பக்கத் திருப்பம் நன்றாகப் பிடிக்கிறது, குதிகால் பக்கம் மட்டும் பலகை படபடவென்று அதிர்ந்து வழுக்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதில் வெகுநாள் மாட்டிக்கொண்டிருந்தேன்.

பெரும்பாலும் இடுப்புதான் காரணம். பனியைத் தொடும் ஆசையில் இடுப்பை மடித்துக் கையை நீட்டுவோம். பிட்டம் வெளியே தள்ளிக்கொள்ளும், எடை விளிம்பை விட்டு விலகிவிடும். கையை மறந்துவிடுங்கள், சாய்வு கூடினால் பனி தானாக எட்டும். குதிகால் பக்கம் நாற்காலியில் உட்காருவதுபோல முழங்காலை மடக்கி, நெஞ்சை நிமிர்த்தி, பூட்ஸுக்குள் கால்விரல்களை மேலே இழுங்கள். தோளும் இடுப்பும் முன்கால் காட்டும் திசைக்குத் திரும்பட்டும். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் வாத்துக்கால்போல இரு பக்கமும் வெளிநோக்கி விரிந்திருந்தால் இது சிரமம். முன்கால் 30, பின்கால் 15 டிகிரி என இரண்டையும் முன்னோக்கி வைத்துப் பாருங்கள்.

கால்விரல் பக்கம் முழங்காலைப் பனியை நோக்கி இறக்கி, இடுப்பை முன்னே தள்ளினால் போதும்.

அப்புறம் நேரம். பலகை சரிவுக்குக் குறுக்கே இருக்கும்போதே புது விளிம்புக்கு மாறிவிடுங்கள். பலகையின் மூக்கு, அதாவது முன்முனை, கீழே திரும்பிய பிறகு மாறினால் அழுத்தம் எல்லாம் திருப்பத்தின் கடைசியில் குவியும். அந்தப் படபடப்பு அங்கேதான் வரும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் திடீரென்று நழுவினால், பூட்ஸ் பனியில் உரசுகிறதா என்று பாருங்கள். அதற்கு அகலமான பலகை ஒரு வழி, உடலைக் குறை சொல்லிப் பயனில்லை.

இறங்கியதும் திரும்பிப் பாருங்கள். தடம் பென்சில் கோடுபோல மெல்லியதாக இருந்தால் அது கார்விங். எந்த இடத்தில் அகலமாகிறதோ, அங்கே வழுக்கியிருக்கிறீர்கள்.