மாவுக்கட்டோடு கோல்ட் ரீஃப் சிட்டிக்குப் போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பள்ளியில் பந்து விளையாடும்போது விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மாவுக்கட்டு போட்டு மூன்று வாரம் ஆகிறது. காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டிசம்பர் விடுமுறையில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய், அவள் பிள்ளைகளோடு அங்கே உள்ள கோல்ட் ரீஃப் சிட்டி தீம் பார்க்குக்குப் போவதாக முன்பே முடிவு செய்திருந்தோம். மாமியார் போகவே வேண்டாம் என்கிறார். அவனோ "நான் வரலை, நீங்க போங்க" என்கிறான், ஆனால் ராத்திரியில் அழுகிறான். என்ன செய்வது?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: டாக்டர் பயணத்துக்குச் சரி என்றால் போங்கள் தங்கச்சி, அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் "நீங்க போங்க" என்று சொல்வது வர விருப்பமில்லாமல் இல்லை, உங்களுக்குப் பாரமாக இருந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் மகளுக்கு 7 வயதில் கணுக்கால் முறிந்திருந்தபோது நாங்கள் ஒரு தீம் பார்க்குக்குப் போனோம், அவளை ஒரு மர நிழலில் உட்காரவைத்து எல்லாருடைய பைகளையும் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆள் மாற்றி ஆள் போய் விளையாடிவிட்டு வந்தோம். அவள் தனியாக இல்லை, யாராவது ஒருவர் கூடவே இருந்தோம், அதனால் நல்லபடியாகப் பார்த்துக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். பல வருஷம் கழித்து, "அன்னைக்கு நான் பை எண்ணிக்கிட்டு இருந்தேன்மா, பதினொண்ணு" என்றாள். இன்றும் அது நெஞ்சில் குத்துகிறது. உங்கள் பிள்ளையைப் பைக்குக் காவல் வைக்காதீர்கள். அந்த ஒரு நாளை எப்படிப் போக்கலாம் என்று அவனையே முதலில் கேளுங்கள்.

ராட்டினம், ரோலர் கோஸ்டர் எதுவும் வேண்டாம், இதில் இரக்கமே பார்க்காதீர்கள். அங்குள்ள அனகோண்டா என்ற ரோலர் கோஸ்டரில் கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கும், கட்டுப் போட்ட கால் அந்த வேகத்தைத் தாங்காது. அதோடு வண்டி நடுவில் நின்றுவிட்டால் படி வழியாக இறங்கி நடந்து வரவேண்டியிருக்கும். அங்கே வேலை செய்கிறவர் ஏறு என்று சொன்னாலும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதை இப்போதே வீட்டில் வைத்து அவனிடம் சொல்லிவிடுங்கள், வரிசையில் நிற்கும்போது சொன்னால் அது ஏமாற்றம்.

சரி, வேறு என்ன இருக்கிறது? அந்த இடமே கிரவுன் மைன்ஸ் என்ற பழைய தங்கச் சுரங்க நிறுவனத்தின் 14ஆம் எண் சுரங்கத்தின் மேல் கட்டியதுதானே. 1886இல் தங்கம் கிடைத்ததால்தான் ஜோகன்னஸ்பர்க் என்ற ஊரே வந்தது. தங்கத்தை உருக்கி வார்த்துக் காட்டுவார்கள், உட்கார்ந்தே பார்க்கலாம். தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்று போவதற்கு முன்பே சொல்லிவையுங்கள், அக்கா பிள்ளைகளுக்கு அவனே விளக்கிச் சொல்லட்டும். சுரங்கத்துக்குள் இறங்கும் சுற்றுக்குச் சக்கர நாற்காலியை விடுவார்களா என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள், அங்கே போய் வாசலில் நின்று கேட்காதீர்கள்.

சக்கர நாற்காலி கட்டாயம் வேண்டும். ஊன்றுகோல் வைத்து நாள் முழுக்க நடக்க 9 வயதுப் பிள்ளையால் முடியாது, கை சோர்ந்ததும் அக்குளை அழுத்திச் சாய்வான், அங்கே நரம்பு இருக்கிறது. காலை நீட்டி உயர்த்தி வைக்கும் தாங்கி உள்ள நாற்காலியாக வாடகைக்குக் கேளுங்கள், கார் டிக்கியில் அடங்குமா என்றும் பாருங்கள். கால் தொங்கிக்கொண்டே இருந்தால் வீங்கும், கட்டுக்குள் வீங்க இடம் கிடையாது. அதனால் நடுநடுவே படுக்கவைத்து, காலைத் தலையணை மேல் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். விரல்கள் வெளுத்தாலோ நீலமானாலோ, சில்லிட்டாலோ மரத்துப்போனாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, அன்றைய திட்டம் எல்லாம் போகட்டும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112.

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். கால் நீட்டவேண்டும் என்று பெல்ட் இல்லாமல் பின்சீட்டில் குறுக்கே படுக்கவைக்காதீர்கள். பெல்ட்டோடு உட்காரவைத்து முன்சீட்டை நன்றாகத் தள்ளிவிட்டுக் காலுக்குக் கீழே பையோ தலையணையோ வையுங்கள், வழியில் இரண்டு மணிக்கொரு முறை நிறுத்துங்கள், ஹாரிஸ்மித்தில் கொஞ்சம் கூடுதல் நேரம். போன மறுநாளே பார்க்குக்குப் போகவேண்டாம், ஒருநாள் ஓய்வு.

அப்புறம், டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் பிற்பகல் இடிமழை சகஜம். மாவுக்கட்டு நனைந்தால் இளகிவிடும், ஃபைபர் கட்டென்றாலும் உள்ளே உள்ள பஞ்சு ஈரமாகித் தோல் புண்ணாகும். பெரிய பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் திறந்ததும் போய் மதியத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள், அரைநாள் அவனுக்குப் போதும். மற்றப் பிள்ளைகளுக்குப் போதவில்லை என்றால் அக்கா அவர்களோடு இருக்கட்டும், நீங்கள் அவனோடு கிளம்புங்கள்.

மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பயத்தில்தான் வேண்டாம் என்கிறார். தங்கம் வார்க்கும் இடத்தில் பேரன் பக்கத்தில் உட்கார அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது.