கிராஃப் காட்டுறாங்க, பலகையை வாங்கலாமா?

கேள்வி: கோயமுத்தூர்ல வீடு கட்டுறோம். மொட்டைமாடிக்கு ஹீட் ட்ரீட்மென்ட் பண்ண பைன் பலகை எடுத்துக்கங்கன்னு ஒரு ஏஜென்ட் சொல்றார். 212 டிகிரி சூடு பண்ணது, தண்ணியே ஏறாதுன்னு எஃப்டிஐஆர்னு அகச்சிவப்பு ஒளி வச்சு எடுத்த கிராஃப் ஒண்ணு குடுத்திருக்கார். நம்பலாமா?

பதில்: அந்த கிராஃபை நம்பி அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. மரம் ஈரத்தைப் பிடிக்கிறது அதுல இருக்கிற ஹைட்ராக்சில்ங்கிற (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) இடங்கள்லதான், சூடு பண்ணா மரத்துல இருக்கிற ஹெமிசெல்லுலோஸ்ங்கிற பொருள் முதல்ல சிதைஞ்சு அந்த இடங்கள் குறையும், ஆனா அறவே போகாது. ஒழுங்கா பண்ண பலகைகூட சாதா பைன் பிடிக்கிற ஈரத்துல பாதியாவது பிடிக்கும், அப்புறம் எப்படி தண்ணியே ஏறாதுங்கிறார்?

மிச்சம் எத்தனை இடம்னு எண்ணணும்னா லேப்ல கனநீர் ஆவி காட்டுவாங்க, அதாவது சாதா ஹைட்ரஜனுக்குப் பதிலா டியூட்டீரியம்ங்கிற கனமான ஹைட்ரஜன் இருக்கிற தண்ணியோட ஆவி. ஈரம் தொடுற இடத்துல ஹைட்ரஜன் போய் டியூட்டீரியம் வந்துரும், அது எடை ஜாஸ்தி, காயவச்சு திரும்ப எடை போட்டா கணக்கு வந்துரும். எஃப்டிஐஆர் கிராஃப்லயும் கீழ இருக்கிற அலை எண் அளவுல 3400 பக்கம் இருக்கிற மேடு தணிஞ்சு 2500 பக்கம் புதுசா ஒண்ணு எழும்பும். உங்க கிராஃப்ல 2500 பக்கம் ஒண்ணுமே இல்லன்னா கனநீர் டெஸ்டே நடக்கல. அதோட எஃப்டிஐஆர் மெஷின் பெரும்பாலும் மேல ஒண்ணு ரெண்டு மைக்ரான்தான் பாக்கும், பலகை நடுவுல என்னன்னு அதுக்குத் தெரியாது. ஒரே ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் போட்டு எல்லா லோடுக்கும் காட்டுறாங்க, எந்த பலகைல எடுத்ததுன்னு நம்பர்கூட இருக்காது, அதைக் கேக்கவும் ஆளில்ல, எரிச்சலா வருது. சாயம் அடிச்சு கருப்பாக்கினதையும் இதே பேர்ல விக்கிறாங்க, அதனால உங்க கண்ணு முன்னாடி குறுக்கே அறுக்கச் சொல்லுங்க, நடு வரைக்கும் அதே நிறம் இருக்கணும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. சூளைலேர்ந்து வந்த கையோட அளந்தா ஈரம் ரொம்பக் கம்மியா காட்டும், அதுல கொஞ்சம் தற்காலிகம்தான், சூட்டுல இறுகிப்போனது நல்லா நனைஞ்சதும் திரும்ப இளகிரும். மழை பட்டதும் உங்க பலகைக்கும் அதான் நடக்கும். அதனால லேப்ல குடுத்தாலும் சரி, வீட்டுல பாத்தாலும் சரி, முதல்ல சின்ன துண்டா அறுத்து நல்லா ஊறவச்சு நிழல்ல காயவைங்க. நனைக்காம அளந்த நம்பரை எவ்வளவு அழகா பிரிண்ட் போட்டுக் குடுத்தாலும் வாங்காதீங்க.

வீட்டுல பாக்கிறதுன்னா, இதையும் சாதா பைன் துண்டு ஒண்ணையும் உப்பு கரையாம அடியில மிஞ்சுற அளவுக்குக் கெட்டியான உப்புத்தண்ணி வச்ச மூடின டப்பாக்குள்ள, தண்ணி படாம, எடை மாறாம நிக்கிற வரைக்கும் வைங்க, உள்ள ஈரப்பதம் 75 சதவீதம் பக்கம் நிக்கும். நகைத் தராசுல எடை போட்டு, அப்புறம் ஓவன்ல 103 டிகிரில முழுசா காயவச்சு மறுபடி போடுங்க, குறைஞ்ச எடைதான் ஈரம். ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்லன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

சரியா இருந்தாலும் மண்ணைத் தொடுற மாதிரி மட்டும் எங்கயும் போடாதீங்க, சூடு பண்ண பைனையும் கரையான் திங்கும்.